விளையாட்டுக் கணினியா? முதலில் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள்!



"விளையாடுவதற்கு மூவாயிரம் வெள்ளியா?" என்று கேட்காத பெற்றோர் நம் சமுதாயத்தில் அரியர். கேட்பதில் தவறே இல்லை. ஆனால், அப்படிக் கேட்ட அதே பெற்றோர், பிள்ளையின் நச்சரிப்பு தாங்காமல், ஏதோ ஒரு கடையில் ஏதோ ஒரு பெட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வீண்செலவு என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டபடியால், அந்தச் செலவைக் கணக்குப் பார்க்கவும் மனம் வருவதில்லை. கணினி விற்போரில் சிலர் பிழைப்பது நம்முடைய இந்த அலட்சியத்தால்தான் என்பது என் துணிபு.

மைவி வாகனம் வாங்கப் போகிறவர் கேட்காத கேள்வி உண்டா? இயந்திரம் 1.3ஆ, 1.5ஆ? எண்ணெய் எவ்வளவு குடிக்கும்? ஐந்தாண்டு கழித்து விற்றால் என்ன விலை போகும்? மைத்துனரை அழைத்துப் போவார்; பட்டறை வைத்திருக்கும் நண்பரையும் அழைத்துப் போவார். அதே மனிதர் மகனுக்குக் கணினி வாங்கும்போது கேட்பது ஒரே கேள்விதான்: "ஐ-செவன்தானே?" ஆம் என்று பதில் வந்தவுடன் பணப்பையைத் திறந்துவிடுகிறார்.

இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று நீங்கள் கேட்கலாம். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியன். கணினிப் பொறியாளன் அல்லன். ஆனால், என் அக்காளின் வீட்டில் நடந்ததைக் கண்ணால் கண்டவன்.

2021ஆம் ஆண்டு. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலம். அக்காள் மகன் அப்பொழுது இரண்டாம் படிவம். வீட்டிலிருந்தே கற்றல் கற்பித்தல் என்று அறிவித்துவிட்டார்கள். வீட்டிலோ ஒரே ஒரு கைப்பேசி. அத்தான் லாரி ஓட்டுகிறவர். அந்த மாதங்களில் பாதி நாள் ஓட்டம் இல்லை. அக்காள் ஊழியர் சேமநிதியின் ஐ-சினார் திட்டத்தின்வழி எடுத்த பணத்திலிருந்து 2,800 வெள்ளியை எண்ணிக் கொடுத்து ஒரு கணினி வாங்கினார். அது அவருடைய முதுமைக்கான பணம். தொழிற்சாலையில் நின்றுகொண்டே உழைத்த கால்களின் பணம்.

விளம்பரத்தில் 'ஐ-செவன் கேமிங் பிசி' என்று போட்டிருந்தது. கண்ணாடிப் பெட்டி, உள்ளே வானவில்லாய் மின்னும் நான்கு விசிறிகள், திரை, தட்டச்சுப்பலகை, சுட்டி, எல்லாம் சேர்த்து ஒரே விலை. பையன் பூரித்துப் போனான். பதினான்கே மாதம்! ஒரு மாலை கருகல் வாடை வந்தது; கணினி அணைந்தது. மின்வழங்கி, அதாவது பவர் சப்ளை, போகும்போது தாய்ப்பலகையையும் உடன் அழைத்துக்கொண்டு போய்விட்டது. கடை உத்தரவாதம் ஓராண்டுதானாம். பழுது பார்க்க 900 வெள்ளி கேட்டார்கள்.

அந்தப் பெட்டியை என் வீட்டு மேசையில் வைத்து நானும் அவனும் திறந்து பார்த்தோம். அன்றுதான் எனக்குக் கோபம் வந்தது.

செயலி ஐ-செவன்தான், பொய்யில்லை. ஆனால் ஐ7-4770, 2013இல் வெளிவந்தது. 4 கோர், 8 திரெட். 2020இல் வந்த ஐ3-10100 செயலிக்கும் அதே 4 கோர், 8 திரெட். வேகமோ அதைவிடக் கூடுதல். அதாவது, புதிய 'மூன்று' பழைய 'ஏழை' முந்திவிடும்! மூன்றைவிட ஏழு பெரிது என்று முதலாம் ஆண்டில் நாம்தான் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தக் கணக்கையே நமக்கு எதிராகப் பயன்படுத்துகிறார்கள்.

வரைகலை அட்டை ஜிடி 1030. இது இன்னும் கொடுமை. 2017இல் இந்த அட்டை ஜிடிடிஆர்5 நினைவகத்துடன் வந்தது. 2018இல் அதே பெயரில், மெதுவான டிடிஆர்4 நினைவகத்துடன் இன்னொன்று வந்தது. முன்னதன் நினைவகம் விநாடிக்கு 48 கிகாபைட் தரவைக் கொண்டுசெல்லும். பின்னது 17 கிகாபைட்டைக்கூட எட்டாது. பெட்டியின்மேல் பெயர் ஒன்றே. அக்காள் வீட்டுக்கு வந்தது எது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

மின்வழங்கியின் ஒட்டுச்சீட்டில் 600 வாட் என்று பெரிய எழுத்து. கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 25 ஆம்பியர். பையனைப் பெருக்கச் சொன்னேன். 12 × 25 = 300. கணினியின் செயலியும் வரைகலை அட்டையும் உண்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட் வழியாகத்தான். ஆக, 600 என்று கூவி விற்றதில் மெய்யாகப் பயன்படுவது பாதி. சுமை தாங்காமல் அது செத்தது என்றும் நான் சொல்லமாட்டேன். அந்தச் செயலியும் அட்டையும் சேர்ந்து 150 வாட்டைக்கூட நெருங்கியிருக்கா. உள்ளே மின்தேக்கிகள் வீங்கிக் கிடந்தன. எண்ணும் பொய், சரக்கும் மட்டம்.

வழக்குப் போடலாமே என்றேன். பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டினால் போதும், வழக்கறிஞர் வேண்டியதில்லை. அக்காள் அலமாரியிலிருந்து பற்றுச்சீட்டை எடுத்து வந்தார். அதில் ஒரே வரி: 'கேமிங் பிசி செட் – 1'. எந்தச் செயலி, எந்த அட்டை, எத்தனை வாட் என்று ஒரு சொல் இல்லை. எதை வாக்களித்தார்கள், எதைத் தரவில்லை என்று எதைக் காட்டி வாதாடுவது?

பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு நன்னூல் நடத்திய விரிவுரையாளர், இடுகுறிப்பெயரையும் காரணப்பெயரையும் நாற்காலியைத் தட்டிக் காட்டி விளக்குவார். நான்கு கால் இருப்பதால் நாற்காலி, காரணப்பெயர். மரத்துக்கு மரம் என்று பெயர் வந்ததற்குக் காரணம் தெரியாது, இடுகுறிப்பெயர். இன்று கடைகளில் தொங்கும் 'கேமிங்' என்ற சொல் எந்த வகை? கேமிங் நாற்காலி, கேமிங் மேசை, கேமிங் சுட்டி, கேமிங் காலணிகூட வந்துவிடும் போலிருக்கிறது. காரணப்பெயர் போல வேடமிட்ட இடுகுறி! ஐ-செவன் என்பதும் ஏறத்தாழ அப்படியே. அதன் பின்னால் வரும் எண்களில்தான் காரணம் ஒளிந்திருக்கிறது.

பெயரில் விளையாடுவது மூலைக்கடைக்காரர் மட்டுமல்லர். 2022 செப்டம்பரில் என்விடியா நிறுவனம் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் 16 கிகாபைட் அட்டை ஒன்றும் 12 கிகாபைட் அட்டை ஒன்றும் அறிவித்தது. இரண்டின் வேறுபாடும் நினைவக அளவில் மட்டும் இல்லை. உள்ளிருந்த சில்லே வேறு. பயனர்கள் கொதித்தார்கள். அடுத்த மாதமே 12 கிகாபைட் அட்டையின் வெளியீட்டை நிறுவனம் கைவிட்டது. 2023 சனவரியில் அதுவே 4070 டிஐ என்ற பெயரில் வந்தது. படித்துப் பார்த்தவர்கள் கூச்சலிட்டதால் அவ்வளவு பெரிய நிறுவனமே பெயரை மாற்றியது. நாம் படிப்பதும் இல்லை, கூச்சலிடுவதும் இல்லை.

இனி 2025க்கு வருகிறேன். பிப்ரவரி முதல் வாரத்தில் பையனுக்கு எஸ்.பி.எம். முடிந்தது. ஈராண்டாக வார இறுதிகளில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்து 1,400 வெள்ளி சேர்த்து வைத்திருந்தான். அக்காள் ஆயிரம் தருவதாகச் சொன்னார். மாமன் என்ற முறையில் நான் 700. ஆக 3,100. திரையும் தட்டச்சுப்பலகையும் பழையனவே போதும்.

முதலில் வட்டாரத்துக் கடை ஒன்றின் துண்டறிக்கையைக் கொண்டுவந்தான். 3,299 வெள்ளி. ஐ7-12700எஃப் செயலி, 'ஆர்டிஎக்ஸ் 3050', 16 கிகாபைட் நினைவகம், ஆறு வண்ண விசிறிகள். 3050 என்றால் 2022இல் வந்த 8 கிகாபைட் அட்டையா, 2024இல் வந்த 6 கிகாபைட் அட்டையா? அதுவும் வெட்டிக் குறைக்கப்பட்ட வேறொரு பொருளே. பெயர் மட்டும் ஒன்று. தொலைபேசியில் கேட்டோம். "இரண்டும் சமம்தான்" என்றார் கடைக்காரர். மின்வழங்கி எந்த நிறுவனத்துடையது? "500 வாட்." நிறுவனம்? "நல்ல நிறுவனம்." நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

இந்தக் கட்டமைப்பில் உள்ள சூதைக் கவனியுங்கள். விளையாட்டில் படத்தை வரைவது வரைகலை அட்டை. அதில் மிச்சம் பிடித்து, 12 கோர் செயலியில் பணத்தைக் கொட்டியிருக்கிறார்கள். ஏன்? பெற்றோருக்குத் தெரிந்த ஒரே பெயர் ஐ-செவன். பெட்டியின் அடியில் தகட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் மின்வழங்கியைப் பற்றிப் பெற்றோர் கேட்கமாட்டார்கள். கேட்பதற்கு ஏற்ற இடத்தில் தாராளம், கேட்காத இடத்தில் கஞ்சத்தனம். 

இங்கே பிள்ளைகளையும் ஒரு சொல் கண்டிக்க வேண்டும். "படிப்புக்குத்தான் கணினி" என்று பொய் சொல்லுகிறீர்களே! அந்தப் பொய்யின் விலை உங்களுக்குத் தெரியுமா? படிப்புக்கு என்று சொல்லிவிட்டால் தந்தையின் முன்னால் வரைகலை அட்டையைப் பற்றி வாய் திறக்க முடியாது. கடைக்காரரும் அதைப் புரிந்துகொண்டு, தந்தைக்கு ஐ-செவனையும் உங்களுக்கு வண்ண விளக்கையும் காட்டி அனுப்பிவிடுகிறார். விளையாடத்தான் என்று நேராகச் சொல்லுங்கள். மறுத்தால் மறுக்கட்டும். இசைந்தால், இருவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவீர்கள்.

நாங்கள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். முதலில் எழுதியது திரையின் அளவு. அவனுடைய திரை 1920 × 1080. பெருக்கினால் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். 4கே திரை என்றால் அதைப்போல் சரியாக நான்கு மடங்கு. எத்தனை புள்ளிகளை வரைய வேண்டும் என்று தெரியாமல் அட்டை வாங்குவது, சுவரின் நீள அகலம் தெரியாமல் சாயம் வாங்குவது போன்றது. 1080 திரைக்கு அன்றைக்குக் கிடைத்தவற்றில் ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 இரண்டும் பொருத்தமாக இருந்தன. இரண்டிலும் 8 கிகாபைட் நினைவகம்தான். அது எனக்கு உறுத்தல். புதிய விளையாட்டுகள் சிலவற்றை உச்ச அமைப்பில் ஓட்டினால் 8 போதாது. 12 கிகாபைட் கொண்ட பழைய 3060ஐ எடுக்கலாமே என்றேன். தான் ஆடுவது வேலோரண்ட், டோட்டா 2, ஜிடிஏ 5 என்று பட்டியல் சொன்னான். அவற்றுக்கு 8 தாராளம். விட்டுக்கொடுத்தேன்.

இன்னொன்றிலும் தோற்றேன். ஏஎம்டியின் புதிய ஏஎம்5 தாய்ப்பலகை வாங்கினால் பின்னாளில் புதிய செயலிகள் பொருந்தும் என்பது என் வாதம். புதிய பலகை, டிடிஆர்5 நினைவகம், ரைசன் 5 7600 செயலி என்று போனால் 700 வெள்ளி கூடுதலாகும். அதை வரைகலை அட்டையிலிருந்துதான் எடுக்க வேண்டும். "மாமா, நாளைக்குப் போடப்போற செயலிக்காக இன்னைக்கு ஆடுற அட்டைய வெட்டணுமா?" என்றான். பதினேழு வயதில் இவ்வளவு தெளிவு எனக்கு இருந்ததில்லை. பழைய ஏஎம்4 பலகையிலும் எட்டு கோர் செயலியைப் பின்னர் பொருத்த வழியுண்டு என்பதால் நானும் அடங்கினேன்.

தைப்பூசத்துக்கு மறுநாள் கோலாலம்பூரில் லோ யாட் பிளாசாவுக்குப் போனோம். மூன்று கடைகளில் எழுத்தில் விலை கேட்டு வாங்கினோம். முடிவில் எங்கள் தாளில் இருந்தவை இவை: ஆர்டிஎக்ஸ் 4060 அட்டை 1,390. ரைசன் 5 5600 செயலி 480. 6 கோர், 12 திரெட், குளிர்விக்கும் விசிறியும் அதனுடனேயே வருகிறது. பி550 தாய்ப்பலகை 400. எட்டு கிகாபைட் நினைவகம் இரண்டு, 160. ஒரு டெராபைட் எஸ்எஸ்டி 270. ஐந்தாண்டு உத்தரவாதத்துடன் 550 வாட் மின்வழங்கி 230. பெட்டி 170. கூட்டிப் பாருங்கள், சரியாக 3,100. மொத்தத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 45 பங்கு வரைகலை அட்டைக்கே போயிற்று. விளையாட்டுக் கணினி என்றால் பணம் அங்கேதான் போக வேண்டும்.

நினைவகத்தை 16ஆக ஒன்று வாங்காமல் எட்டாக இரண்டு வாங்கியது ஏன் என்று அக்காள் கேட்டார். இரண்டு வழியாகத் தரவு ஓடும்; ஒரு வாசலுக்கு இரண்டு வாசல். அதே விலைக்கு வேகம் கூடும். பெட்டியைப் பற்றி ஒன்று: முகப்பு முழுவதும் கண்ணாடியால் மூடிய பெட்டியை நம் நாட்டு வெக்கையில் எந்தப் புண்ணியவான் விற்கிறானோ! காற்று புகுவதற்கு வலை முகப்புள்ள பெட்டியே நலம். அழகு குறைவுதான்.

80 பிளஸ் முத்திரை இருந்தால் மின்வழங்கி தரமானது என்று எண்ணுவோர் பலர். அந்த முத்திரை அளப்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டுமே. ஆயுளையும் பாதுகாப்பையும் அது சொல்லாது. 12 வோல்ட் வரியைப் பெருக்கிப் பாருங்கள். உத்தரவாத ஆண்டுகளைப் பாருங்கள். எங்கள் அட்டை 115 வாட், செயலி 65 வாட்; 550 தாராளம். "850 எடுங்கள் சார்" என்றவரிடம் மாட்டாமல் வந்ததற்கும் இந்தக் கூட்டல்தான் காரணம்.

வீட்டுக்கு வந்து நாங்களே பொருத்தினோம். ஐந்து மணி நேரம். மின்சாரத்தைப் போட்டதும் விசிறிகள் சுழன்றன. திரை மட்டும் கும்மிருட்டு. அக்காள் கதவோரம் நின்று, "பணம் போச்சா தம்பி?" என்றார். அந்தக் குரலில் 2022 இருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. அரை மணி நேரம் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினோம். கடைசியில் பையன்தான் கண்டுபிடித்தான். திரையின் கம்பியை நான் தாய்ப்பலகையில் செருகியிருந்தேன். ரைசன் 5 5600இல் படம் வரையும் பகுதி கிடையாது; கம்பியை வரைகலை அட்டையில்தான் செருக வேண்டும். செருகினான், விடிந்தது. நினைவகம் அதற்குரிய 3200 வேகத்தில் ஓட, பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்க வேண்டும் என்பதையும் அவனே படித்துச் செய்தான்.

இதை ஆசிரியர் அறையில் சொன்னபோது நண்பர் ஒருவர், "நீங்களே விளையாட்டை ஊக்குவிக்கலாமா?" என்றார். ஐயா, இரவு எத்தனை மணி வரை ஆடுவது என்பது தனி வழக்கு. அது அக்காள் வீட்டில் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. விளையாட்டு தீது என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக நம் பணத்தை எவரோ ஏமாற்றி எடுப்பது நன்றாகிவிடுமா? "தோட்டத்தில் பிறந்த பெற்றோருக்கு இந்த எண்கள் எப்படிப் புரியும்?" என்றார் இன்னொருவர். புரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு பொருளின் முழுப்பெயரையும் தனித்தனி வரியாக எழுதித் தாருங்கள் என்று கேட்டால் போதும். எழுதித் தர மறுக்கும் கடையின் வாசலைத் தாண்டி வந்துவிடலாம். எழுதித் தந்தால், அந்தத் தாளைப் பிள்ளையின் கையில் கொடுத்து ஒவ்வொரு வரிக்கும் பொருள் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாத பிள்ளைக்கு இன்னும் ஒரு மாதம் காத்திருக்கும் பொறுமை வரட்டும்.

ஒன்றை மறவாதீர்கள். மேலே சொன்ன விலைகள் 2025 பிப்ரவரியில் நாங்கள் கொடுத்தவை. அந்த ஆண்டின் இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் குருஷியல் என்ற தன் நுகர்வோர் வணிகத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே, எங்கள் 160 வெள்ளியை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். வீட்டில் பழைய டிடிஆர்4 நினைவகம் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். அது பொருந்தும் தாய்ப்பலகையைத் தேடுங்கள். விலை ஏறும்போது, எட்டு கிகாபைட் நினைவகம் ஒன்றை மட்டும் செருகிவிட்டு, விளம்பரத்தில் ஐ-செவனை இன்னும் பெரிய எழுத்தில் போடுவோர் பெருகுவர்.

உங்கள் பிள்ளைக்கு வாங்கப்போகும் பட்டியல் கையில் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். பொழுது கிடைக்கும்போது பார்த்துச் சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன்பு அனுப்புங்கள்.